தெரியாம பட்டுடுச்சு

சுவரில் ஓட்டை போடும்போது உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய் உடைந்தால் அதற்கு நம் வீடுகளில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு: "தெரியாம பட்டுடுச்சு." டிரில்லிங் மெஷின் பிடித்தவர் அதையே சொல்வார். அவரைக் கூட்டிவந்த வீட்டுக்காரர் அதையே சொல்வார். சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணனும் அதையே சொல்வார். அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் கை பட்டது, யாரைக் கேட்காமல் பட்டது, ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் இருக்கிறது, சமையலறைத் தரை முழுக்க. பழைய புடவையை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்க உட்காருபவள் யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். யாருக்குத் தெரியாமல்?

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். அந்தச் சுவரின் முன்னால் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் நிற்பவள் அவள். சித்திரை மாதத்தில் மதியம் எந்தக் குழாயைத் திறந்தால் முதல் சொம்பு சுடும், எது சுடாது என்று அவளுக்குத் தெரியும். மோட்டார் போட்டதும் எந்த மூலையில் சுவர் உறுமும், குளியலறையில் யாராவது திறந்தால் சமையலறைக் குழாயில் எப்போது தண்ணீர் மெலியும், எல்லாம் தெரியும். வீடு கட்டும்போது பிளம்பர் காடி வெட்டிக் குழாய் பதித்த அன்று டீ கொண்டுபோய்க் கொடுத்தவளும் பல வீடுகளில் அவள்தான், வீட்டுக்காரர் அன்று கம்பெனிக்குப் போயிருப்பார். இதில் மாயம் ஒன்றும் இல்லை, பெண்ணுக்கு இயற்கையாக வந்த உள்ளுணர்வும் இல்லை. வேலை செய்து செய்து வந்த அறிவு. ஒரு மெக்கானிக்குக்கு இன்ஜின் சத்தம் தெரிவதுபோல. மெக்கானிக்கிடம் கேட்கிறோம். இவளிடம் கேட்பதில்லை.

ஊத்தங்கரையில் இந்தக் குழாய்க்கு இன்னும் கொஞ்சம் கனம் அதிகம். இங்கே தண்ணீர் ஒன்றல்ல, இரண்டு. போர் தண்ணீர், ஒகேனக்கல் தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், பல வருடம் குடித்தால் எலும்பு இறுகும், மூட்டு மடங்காது. அந்தப் பழுப்புக் கோட்டைப் பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் எப்படிக் கவனித்தார்கள், மாப்பிள்ளையின் பல்லை ஏன் யாரும் பார்க்கவில்லை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், கர்நாடகத்தில் போராட்டம் வெடித்தது, பேருந்துகள் நின்றன, இங்கே சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2013 மே மாதம் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு வாய்த் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்கள் முறைத்துக்கொண்டன, இரண்டு முதலமைச்சர்கள் பெயர் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் தெருவைத் தாண்டி வீட்டுச் சுவருக்குள் வரும் கடைசிப் பத்தடியில் மட்டும் அரசியல் இல்லாமல் போய்விடுமா?

அந்தப் பத்தடியை நடத்துபவள் வீட்டுப் பெண். எது சோற்றுக்கு, எது துணிக்கு என்று பிரிப்பவள். போர் தண்ணீரில் பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விழும், அதைத் தேய்ப்பவளும் அவள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து டிரம்மையும் அண்டாவையும் நிரப்புபவள். பிறகு ஒரு நாள் வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் வருகிறது. அவளுக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லியே வாங்கப்படுகிறது.

இங்கேதான் குழாய் உடைகிறது. ஆர்ஓ மெஷினுக்குத் தண்ணீர் உள்ளே வர ஒரு வழி வேண்டும், கழிவுநீர் வெளியே போக ஒரு வழி வேண்டும், கரண்ட் வேண்டும். மூன்றும் கிடைக்கும் ஒரே இடம் சிங்க்குக்கு மேலே, குழாய்க்குப் பக்கத்தில். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பும் பெரும்பாலும் அதே கோட்டில்தான் வரும். குழாய்க்கு நேர் மேலும் நேர் கீழும் ஓட்டை போடாதே என்பது பிளம்பிங்கின் அரிச்சுவடி. ஆனால் மெஷின் மாட்ட வருபவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பது "சார், எங்க மாட்டணும்?" சார் கையை நீட்டிக் காட்டுவார். எங்கே அழகாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எங்கே பைப் போகிறது என்று தெரிந்தவள் அடுப்படியிலிருந்து வாயைத் திறந்தால், "நீ கொஞ்சம் சும்மா இரு, அவருக்குத் தெரியாதா?" என்பார்கள். சொன்ன பிறகு உடைந்தது என்றால் அதற்குப் பெயர் எப்படி "தெரியாமல்" ஆகும்?

அடுத்தது வால்வு. மாடித் தொட்டிக்கு அடியில் ஒரு கேட் வால்வு இருக்கும். அதை மூடிவிட்டால் தண்ணீர் நின்றுவிடும், அரை வாளியோடு போகும். ஆனால் எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும். போன முறை தொட்டி கழுவியபோதே திருக முடியாமல், "இதை மாத்தணும்" என்று அவள் சொல்லியிருப்பாள். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒட்டும் பலகைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் காசு இருந்த வீட்டில் ஒரு வால்வுக்குக் காசு இருந்திருக்காது. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு விரல் அகல ஓட்டை வழியாகச் சமையலறையில் காலியாகும். பக்கத்திலேயே பிளக் பாயிண்ட். மெயினை அணைக்கச் சொல்லி முதலில் கத்தும் குரல் யாருடையது என்று உங்கள் வீட்டு அனுபவத்தை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப் பீய்ச்சி அடித்து உடைவது நல்ல உடைப்பு. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, யாருடைய மெஷின் என்பதும் தெரிகிறது. மோசமானது இன்னொன்று. ஸ்க்ரூ பைப்பைத் துளைத்து, துளைத்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அன்று ஒரு சொட்டும் வராது. மாட்டியவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாதங்கள் கழித்து ஸ்க்ரூ துருப்பிடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையிலோ சாமி அறையிலோ, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். மூலையில் கருப்பாகப் பூஞ்சை படரும். அப்போது அந்த ஓட்டையை யாருக்கும் நினைவிருக்காது. விசாரணை அவள்மேல் தொடங்கும். "எந்நேரமும் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா சுவரு என்னாவும்?" மாமியார் சொல்வார், கணவர் சொல்வார், வாடகை வீடென்றால் வீட்டு ஓனரும் சொல்வார். கழுவும் தண்ணீர் தரையில் ஓடுகிறது, ஈரம் சுவரின் நடுவில் இருக்கிறது என்ற எளிய கணக்கைக்கூட யாரும் போடமாட்டார்கள். ஆண் போட்ட ஓட்டை பெண்ணின் கைப்பழக்கமாக மாறிவிடும்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பேருந்து நிலையத்தில் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு இங்கே ஈரச் சுவருக்கு இன்னொரு சாக்குக் கிடைத்தது. மழை காய்ந்து, வெயில் காலம் வந்து, அதற்குப் பிறகும் ஒரு சுவர் ஈரமாகவே இருந்தால் அது புயல் அல்ல, பைப். ஆனால் புயலைத் திட்டலாம், மருமகளைத் திட்டலாம். சுவரை உடைத்துப் பார்க்கச் செலவாகும்.

உடைந்த குழாயைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. டைலை உடைத்து, அடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து இரண்டு பக்கமும் கப்ளிங் போட்டு, சொல்யூஷன் தடவி, அது பிடிக்கச் சில மணி நேரம் விட்டு, தண்ணீர் திறந்து பார்த்து, பூசி, மறுபடி டைல் ஒட்ட வேண்டும். பழைய டைலின் நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது, அது வேறு. வேலை அரை நாள். ஆனால் பிளம்பர் வருகிறேன் என்று சொன்ன நாளுக்கும் வந்த நாளுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் போய்விடும். அந்த நாட்களில் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டிலிருந்து, தெருக் குழாயிலிருந்து, இடுப்பில். பிளம்பர் வரும் நாளில் வீட்டில் யார் இருப்பது? கணவருக்கு லீவு இல்லை. அவளுக்கு லீவு உண்டு, சம்பளம் பிடித்துக்கொண்டு. 'விபத்து'க்கான பில்லில் இதெல்லாம் ஏறுவதில்லை. பைப்பு இவ்வளவு, கூலி இவ்வளவு, டைல் இவ்வளவு, அவ்வளவுதான்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. 2019 கணக்குப்படி வீட்டு வேலை செய்த பெண் ஒரு நாளில் அதற்குச் செலவழித்தது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அந்த 97ஐப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது அன்றைக்குக் கையை நனைத்த ஆண்களின் சராசரி மட்டும். நனைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களில் 81 பேர். 2024 கணக்கெடுப்பில் பெண்ணுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88. ஐந்து வருடத்தில் அவளுக்குப் பத்து நிமிடம் மிச்சமாயிற்று. அவருக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகிவிட்டது. குழாய் உடைந்த வாரத்தில் அவளுடைய 289 எவ்வளவு ஆகும் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்காது. உங்களால் சொல்ல முடியும்.

"பொம்பளைக்கு மெஷின் பிடிக்க வருமா?" என்பவர்களுக்கு இந்த மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. போச்சம்பள்ளி சிப்காட்டில் தன் ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது. ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸில் செல்போன் பாகங்கள் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அரிசியைவிடச் சின்ன ஸ்க்ரூவை, இவ்வளவு இறுக்கம், இதற்கு மேல் வேண்டாம் என்று அளவு வைத்த கருவியால் முடுக்கும் பிள்ளைகள் ஊத்தங்கரையிலும் கல்லாவியிலும் சிங்காரப்பேட்டையிலும் உண்டு. விடிகாலைக் கம்பெனி பஸ்ஸில் ஏறி, எட்டு மணி நேரம் மெஷினோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவும் தம்பிதான் வர வேண்டும். ஏற்றுமதிக்குப் போகும் பொருளில் நம்பகமான கை, சொந்தச் சமையலறைச் சுவரில் எப்படி நம்பிக்கை இழந்தது? பெண்களின் விரல் மென்மையானது, பொறுமை அதிகம் என்று சொல்லித்தான் தொழிற்சாலைகள் வேலைக்கு எடுக்கின்றன. அந்தப் பேச்சிலேயே எனக்கு ஒப்புதல் இல்லை, குறைந்த சம்பளத்துக்கு வைக்கும் இனிப்புப் பெயர் அது. ஆனால் அந்த இனிப்புகூட வீட்டுக்குள் வரவில்லை.

கட்டட வேலைக்குப் போங்கள், அங்கே இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கொத்தனார் ஆண், சித்தாள் பெண். பூசிய சுவருக்கும் ஒட்டிய கான்கிரீட்டுக்கும் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றுபவள் சித்தாள். சுவருக்குள் குழாய் போகும் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்தவள் அவள். இருபது வருடம் கல்லும் கலவையும் தூக்கினாலும் அவள் கையில் கரண்டி வராது. அவளோடு வேலைக்குச் சேர்ந்த பையன் மூன்றே வருடத்தில் கொத்தனாராகி அவளையே "ஏ, கலவை கொண்டா" என்று அதட்டுவான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994இலேயே வந்துவிட்டது, அட்டையில் அவள் பெயரும் இருக்கிறது. கரண்டி இன்னும் வரவில்லை. முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் ஜார்க்கண்டைக் காட்டுங்கள். அங்கே கொத்தனாரை 'ராஜ் மிஸ்திரி' என்பார்கள். தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட ஆள் போதாமல் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தங்களுக்கு வாங்கிக்கொண்ட பெயர் 'ராணி மிஸ்திரி'. கழிப்பறைகள் நின்றன.

வீட்டை மேம்படுத்துவது என்ற பேச்சே யாருடைய கண்ணிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் முன்வாசல், பிறகு ஹால், பிறகு வாஸ்துக்காரர் சொன்ன மாற்றம், காசு மிஞ்சினால் சமையலறை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சமையலறை வராந்தாவை விரிக்கலாம், பாத்திரம் கழுவப் பெரிய தொட்டி கட்டலாம் என்று மருமகள் யோசனை சொல்வாள். அதற்குப் பதிலாக வராந்தாவில் துணி காயப்போடக் கயிறு கட்டப்படும். அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்த மலையும் மறையும். அந்தக் கதைக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கயிறு இல்லை, மாடுலர் கிச்சன் வருகிறது. அலமாரி அவள் உயரத்துக்கு இல்லை, நிறத்தை மட்டும் அவளைத் தேர்வு செய்யச் சொல்கிறார்கள்.

சொத்தில் பெயர் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது, 1989இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. வரட்டும், எல்லாப் பத்திரத்திலும் பெயர் வரட்டும். ஆனால் வீடு அவள் பெயரிலேயே இருக்கும் இடத்திலும் மேஸ்திரி பேசுவது அவரோடுதான். பத்திரத்தில் ஏறிய பெயர் சுவரில் ஓட்டை போடுவதற்கு முன் கேட்கப்படும் பெயராக இன்னும் ஆகவில்லை.

ஒரு கேள்வி வரும், அதை நானே கேட்டுவிடுகிறேன். பெண் டிரில் பிடித்தால் பைப் உடையாதா? உடையும். பைப்புக்கு ஆண் பெண் தெரியாது. அவள் உடைத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் யோசியுங்கள். பத்து வருடம் அந்தக் கதை வீட்டு விசேஷங்களில் சொல்லப்படும். "இவ ஒரு தடவ ஓட்டை போடறேன்னு..." என்று தொடங்கும். அவர் உடைத்ததற்குப் பெயர் விபத்து, அவள் உடைத்ததற்குப் பெயர் அவள்.

ஆகவே பணிவாகக் கேட்பதை நிறுத்துவோம். வீடு கட்டுகிறீர்களா, பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள், பைப் தெரிய, பக்கத்தில் டேப்பை விரித்து அளவு தெரிய. உங்கள் போனில், உங்கள் கையால். கட்டி முடித்த வீடா, ஒரு நோட்டில் நீங்களே வரையுங்கள், எந்தக் குழாய்க்கு எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது என்று. சந்தேகமென்றால் ஒவ்வொரு வால்வாக மூடி எந்தக் குழாய் நிற்கிறது என்று பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வால்வு திரும்பவில்லையென்றால் ஃபால்ஸ் சீலிங் பேச்சை எடுப்பதற்கு முன் அதை மாற்றச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை திருகிவிடுங்கள், இறுகாது. எண்ட் கேப் ஒன்றும் டெஃப்லான் டேப் ஒரு சுருளும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கல்லூரிப் பிள்ளைகளே, ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஒரே வருடம்தான். உங்கள் தெருவில் யாராவது தங்கைக்குத் தையல் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் இதையும் சொல்லிக் காட்டுங்கள்.

அடுத்த முறை ஒருவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, "சார் இல்லீங்களா?" என்று கேட்டால், கூப்பிட உள்ளே ஓடாதீர்கள். சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பைப் எங்கே போகிறது என்று நான் காட்டுகிறேன், வாங்க அண்ணா என்று சொல்லுங்கள். பென்சிலால் சுவரில் கோடு போட்டுக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் கூலியை உங்கள் கையால் கொடுங்கள்.